மூடியைத் திறந்தால் நிற்க வேண்டும்

விளக்கு அணைந்ததும் முதலில் வெளியே வந்தவர் மாடியில் தையல் போடுகிற அன்சாரி பாய். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் குண்டூசி. ஊசியை எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்ட பிறகுதான் கத்த ஆரம்பித்தார்.

"அரே மைதீன் பாய், க்யா கர் தியா? ஃபிர் சே லைட் கயா!" நான் மறுபடியும் விளக்கைப் போக்கிவிட்டேனாம்.

அவருக்குப் பின்னால் அப்பளம் போடுகிற பெண்கள் மாவுக் கையோடு வந்தார்கள். எதிரே அட்டைப்பெட்டி செய்கிற பையன்கள் வந்தார்கள். பட்டப்பகல்தான். ஆனால் தாராவியில் எங்கள் பிளாஸ்டிக் கல்லி என்கிற சந்துக்குள் வெயில் எட்டிப் பார்க்காது. விளக்குப் போனால் எல்லோரும் வாசலுக்கு வந்துதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும்.

நான் ஸ்டூலில் ஏறி, ஃப்யூஸ் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கருகின வாடை மூக்கில் ஏறியது. கீழே புது அரவை மிஷின் பக்கத்தில் வர்ஷா நின்றாள். பச்சைப் பொத்தானை அமுக்கின விரலை இன்னும் மடக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள்.

மிஷினை வாங்கின பேச்சியம்மாள் அக்கா இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏ பாய், என்னத்தக் கொண்டாந்து வச்சிருக்கீரு? மிஷினா, கோயில் கொடைக்குப் போடுற சீரியல் லைட்டா? எரியுது, அணையுது, எரியுது, அணையுது! காலையிலேர்ந்து நான் அரைச்சதைவிட நீரு ஃப்யூஸ் போட்டதுதான் சாஸ்தி."

கல்லி முழுக்கச் சிரித்தது. வர்ஷா மட்டும் சிரிக்கவில்லை.

நாலு வரி போதும் என்றவர்

வர்ஷா யார் என்று சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். செம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம். படிப்பு முடிவதற்குள், பொருள் செய்கிற ஏதாவது ஓர் இடத்தில் சில வாரம் வேலை பார்த்தாக வேண்டும். இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். அதுவும் ஒரு பாடம் மாதிரிதான். அதில் தேறாவிட்டால் அந்தப் பருவமே தேறாது.

பெரிய கம்பெனிகளில் இடம் கிடைப்பது லேசு இல்லை. உள்ளே ஆள் தெரிந்திருக்க வேண்டும். கிடைக்காத பிள்ளைகள் எங்கேயாவது போய் ஒரு சான்றிதழை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். முத்திரை குத்திக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அவளுடைய அப்பாவும் அதற்குத்தான் என் காலாவுக்கு வந்தார். பட்டறையை நாங்கள் இங்கே காலா என்போம். அது ஒற்றை அறை, மேலே ஒரு பரண், நடுவில் நான் செய்கிற அரவை மிஷின்கள். பழைய வாளி, டப்பா, செருப்பு எதைப் போட்டாலும் சில்லுசில்லாக நறுக்கிக் கொடுக்கிற மிஷின்.

"உங்க லெட்டர்ஹெட்ல நாலு வரி எழுதிக் கொடுத்தாப் போறும் சார். அவ வந்து உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டா" என்றார்.

எனக்குப் பேச வராது. புது ஆள் எதிரே நின்றால் பார்வை தானாகத் தரைக்குப் போய்விடும். வாடிக்கையாளர்களிடம் போனில் பேசுவதெல்லாம் என் மனைவிதான். ஆனால் அன்று என்னவோ வாயில் வந்துவிட்டது.

"பொண்ணு வரட்டும்."

"இங்கேயா?" என்று அவர் வெளியே பார்த்தார். சாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒருவன் தலையில் பக்கெட் கோபுரத்தோடு போய்க்கொண்டிருந்தான்.

"இங்கதான்."

திங்கட்கிழமை காலை அவள் வந்துவிட்டாள். தடித்த ஷூ, பின்னி இறுக்கின தலைமுடி. வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அங்கிள், நான் எதைத் தொடலாம்?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. காரணம் பழையது.

அம்பர்நாத்தில் பார்த்தது

கடையநல்லூரில் அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டு வாப்பாவோடு பம்பாய்க்கு வந்தவன் நான். தாராவிக்கு வருவதற்கு முன்னால் அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் உதவியாளாக இருந்தேன். தகட்டை அமுக்கி மூடி செய்கிற இடம்.

அங்கே வருடத்துக்கு ஒரு முறை காலேஜ் பிள்ளைகள் பயிற்சிக்கு வருவார்கள். இஸ்திரி கலையாத சட்டை. தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். அதற்கு அந்தப்பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். சூப்பர்வைசர் குச்சியை நீட்டி இது இன்னது, அது இன்னது என்பார். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். டீயும் பிஸ்கட்டும் வரும். பஸ் ஏறிப் போய்விடுவார்கள்.

ஒரு பையன் மட்டும் ஒரு தடவை கோட்டைத் தாண்டி வந்து, அப்போதுதான் விழுந்த மூடியைத் தொட்டுப் பார்த்தான். சுட்டிருக்கும். கையை உதறினான். ஆனால் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அதற்குள் சூப்பர்வைசர் அதட்டிவிட்டார். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு இலை போடாமல் அனுப்புகிற மாதிரி எனக்குப் பட்டது.

அதனால் வர்ஷா கேட்டதும் "எல்லாத்தையும் தொடும்மா, ஓடுறதைத் தவிர" என்றேன்.

தொட்டாள். முதல் வாரமே நகத்தில் கிரீஸ் ஏறிவிட்டது. "அம்மா ரசம் சாதத்துல டீசல் வாடை அடிக்கறதுன்னு திட்றா அங்கிள்" என்று பெருமையாகச் சொன்னாள்.

ஒரு நாள் பேச்சியம்மாள் அக்கா இடத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். அக்காவுடைய பழைய மிஷினுக்குப் பதிலாகப் புதிது செய்துகொண்டிருந்த சமயம் அது. பழைய மிஷின் வாய்க்குள் சோடா பாட்டில் அடுக்குகிற கிரேட்டின் துண்டு ஒன்று சிக்கிக்கொண்டது. மிஷின் ஓட ஓட அக்கா கட்டையால் குத்தினாள். கட்டை முறிந்தது. அக்கா சாதாரணமாகக் கையை விட்டு எடுத்துப் போட்டாள்.

வர்ஷா கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் ஒரு வரைபடத்தோடு வந்தாள். மிஷின் வாய்க்கு ஒரு மூடி, மூடியில் ஒரு சுவிட்ச். திறந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகாது, ஒரு பிரேக் விழுந்து பிளேடைப் பிடித்துக்கொள்ளும். கல்லூரியில் அதையே அவளுடைய வேலையாக ஒத்துக்கொண்டார்கள். கடைசிச் சனிக்கிழமை பேராசிரியர் நேரில் வந்து, வாங்கினவர் இடத்தில் மிஷின் ஓடுவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார் என்று பேச்சு. புனேயில் ஒரு வேலையும் அவளுக்குக் காத்திருந்தது. இதில் தேறினால்தான் அந்த வேலை.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

எங்கள் கல்லியில் ஒரு மரியாதை உண்டு. புது மிஷினைச் சோதித்துப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அரவைச் சத்தம் காதைப் பிளக்கும். அன்றைக்கு எல்லாம் அடைத்திருப்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

வர்ஷாவின் மிஷினையும் அப்படித்தான் ஓட்டிப் பார்த்தோம். மூடியைத் திறந்தால் நின்றது. மூடிவிட்டுப் பொத்தானை அமுக்கினால் கிளம்பியது. திறந்தோம், மூடினோம். அழகாக வேலை செய்தது. ஒரு பிளேட் வடாபாவ் வாங்கிக் கொண்டாடினோம்.

கல்லி முழுவதற்கும் ஒரே ஃப்யூஸ். அதனால் இன்னொரு பழக்கமும் உண்டு. காலையில் பேச்சியம்மாள் அக்கா தன் பெரிய மோட்டாரை முதலில் போடுவாள். போட்டுவிட்டு, "போட்டாச்சு!" என்று கத்துவாள். அதன் பிறகுதான் அன்சாரி பாய், அப்பளக்காரர்கள், பெட்டிக்காரர்கள் எல்லோரும் தங்கள் சுவிட்சைப் போடுவார்கள். பெரிய மோட்டார் கிளம்புகிற நேரத்தில்தான் கரண்டை வாரிக் குடிக்கும். ஓட ஆரம்பித்துவிட்டால் சாதுவாகிவிடும். சோற்று நேரம் வரை அதை யாரும் நிறுத்துவதில்லை.

இரண்டு பழக்கமும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. எல்லாம் அடைத்துக் கிடக்கிற நாளில் எத்தனை தடவை நிறுத்திக் கிளப்பினாலும் ஃப்யூஸ் ஏன் போகப் போகிறது? வேலை நாளில், கல்லியே ஓடிக்கொண்டிருக்கும்போது, மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் மோட்டாரை நிறுத்தி மறுபடி கிளப்பினால்?

அன்சாரி பாய் வெளியே வருவார். அதுதான் நடந்தது.

செம்புக் கம்பி

இரண்டொரு நாள் கழித்து நானும் வர்ஷாவும் பேச்சியம்மாள் இடத்துக்குப் போனோம். மிஷின் கடகடவென்று ஓடியது. விளக்கெல்லாம் நின்று எரிந்தது. மூடி மட்டும் மல்லாந்து கிடந்தது.

வர்ஷா குனிந்து பார்த்தாள். சுவிட்சை அமுக்கி வைத்துச் செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. மூடி திறந்திருப்பது மோட்டாருக்குத் தெரியவே தெரியாது.

"ஆன்ட்டி, இதை யாரு கட்டினா?"

"நாந்தேன். பொறவு என்ன செய்யச் சொல்லுத? அப்பளக்காரி என் வீட்டுப் படியேறி வந்து ஏசிட்டுப் போறா."

"கை போயிடும் ஆன்ட்டி!"

"இத்தன வருசமா போவல. ஃப்யூஸ்தான் போச்சு."

அம்பர்நாத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால்தான் அங்கே தகட்டை அமுக்குகிற மிஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்று செய்த ஏற்பாடு. ஆட்கள் ஒரு பொத்தானில் தீக்குச்சியைச் செருகிவிட்டு ஒரு கையால் ஓட்டுவார்கள். அவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. வேலைக்குக் குறுக்கே வருகிற எதையும் மனுசன் கட்டித்தான் போடுவான்.

வர்ஷாவின் முகத்தைப் பார்த்ததும் பேச்சியம்மாளுக்கு மனசு இளகிவிட்டது. மோட்டாரின் சத்தத்தை மீறிக் கத்தினாள்.

"ஏட்டி, அழுதுறாத. உங்க சார் சனிக்கிழமதான வாராரு? அன்னிக்குக் கம்பிய அவுத்து வுடுதேன். கல்லிக்காரங்ககிட்டயும் சொல்லி வைக்கேன், ஒரு மணி நேரம் எல்லாத்தையும் அமத்திப் போடுங்கன்னு. உன் மிஷினு மட்டும் ஓடட்டும். நீ பாஸாகிப் போ, நான் பொறவு கட்டிக்கிடுதேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். கல்லியும் செய்திருக்கும். ஒரு பிள்ளை தேறுவதற்காக ஒரு மணி நேரம் சும்மா இருக்க இங்கே யாரும் தயங்க மாட்டார்கள்.

"சரி ஆன்ட்டி" என்றாள் வர்ஷா. வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். அரை டம்ளர் கட்டிங் டீ ஆறிக்கொண்டிருந்தது, அவள் குடிக்கவில்லை.

"அங்கிள், சார் போனதும் ஆன்ட்டி கட்டிடுவா இல்ல?"

"கட்டுவாம்மா."

"அப்போ நான் பண்ணினது சாருக்கு மட்டும்தானா?"

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அப்படித்தான் ஆவும். ஆனா மாத்திரலாம். சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு."

"மாத்தினா ரிப்போர்ட்ல இருக்கறது வேற, மிஷின் வேறயா ஆயிடும். சார் ஒத்துக்கலேன்னா?"

அவள் டீயை ஒரே மடக்கில் குடித்தாள். "முதல்ல அன்சாரி பாய்கிட்ட ஸாரி சொல்லிட்டு வரேன்" என்று கிளம்பினாள்.

மேஜைக்கு அடியில்

ஸாரி சொல்லப் போனவள் வெகுநேரம் வரவில்லை. பிறகு மாடி ஏணியில் பின்பக்கமாக இறங்கி ஓடி வந்தாள்.

"அங்கிள், மோட்டார் நிக்கவே வேண்டாம்!"

என்னையும் இழுத்துக்கொண்டு மேலே போனாள். அன்சாரி பாய் ஜீன்ஸ் கால் தைத்துக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மிதியை மிதித்தால் ஊசி பாய்ந்தது. காலை எடுத்தால் ஊசி சட்டென்று நின்றது. மோட்டார் மட்டும் தன் பாட்டுக்கு முனகியது.

"இதுல என்ன அதிசயம் மேடம்? பர்ஸோன் சே ஐஸா ஹீ ஹை" என்று அன்சாரி பாய் எங்களை விசித்திரமாகப் பார்த்தார். வருடக்கணக்காக இப்படித்தானே இருக்கிறது என்கிறார்.

வருடக்கணக்காக நானும் அந்த மாடிக்கு என் சட்டையைத் தைக்கக் கொடுக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்றே மிஷினை என் காலாவுக்குத் திரும்பக் கொண்டுவந்தோம். சுவிட்சைக் கழற்றினோம். மூடியோடு ஒரு நெம்புகோலைச் சேர்த்தோம். மூடியைத் தூக்கினால் பெல்ட் தளரும், பிரேக் விழும், பிளேடு நிற்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். மூடினால் பெல்ட் மெதுவாக இறுகி பிளேடு சுற்றும்.

சொல்வதற்கு லேசு. முதலில் பெல்ட் கழன்று பரணுக்குப் பறந்தது. பிறகு பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரத்தின் விளிம்பை உயர்த்தினோம். ஸ்பிரிங் விஷயத்தில் எங்களுக்குள் சண்டை. கெட்டியான ஸ்பிரிங்தான் நிற்கும் என்றேன் நான்.

"கெட்டியா இருந்தா தூக்கறதுக்குக் கஷ்டமா இருக்கும். ஆன்ட்டி மறுபடியும் எதையாவது முட்டுக் கொடுத்துடுவா" என்றாள்.

பேச்சியம்மாள் அக்காவை வரவழைத்து, மூடியில் சாக்கைத் தொங்கவிட்டு, சில்லுகளைக் கூட்டியும் குறைத்தும் தூக்கச் சொன்னாள். "இது பாரமா? இதுவா?" அக்கா அலுத்துப்போய், "ஏன்ட்டி, எனக்கு மாப்பிள பாக்கியா? இந்தக் கனம் போதும்" என்றாள். அந்தக் கனத்துக்குத்தான் ஸ்பிரிங் போட்டோம்.

இந்த முறை சோதனை ஞாயிற்றுக்கிழமை இல்லை. வேலை நாளில், கல்லி முழுவதும் ஓடுகிற நேரத்தில், பேச்சியம்மாள் இடத்திலேயே. யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நாங்கள் மூடியைத் திறந்து திறந்து மூடினோம். மேலே தையல் சத்தம் அறுபடவில்லை.

ஃபைலோடு வந்தவர்

சனிக்கிழமை பேராசிரியர் வந்தார். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார். சாக்குகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பேச்சியம்மாள் வாளித் துண்டுகளைக் கொட்டினாள், மூடியைத் தூக்கினாள். பிளேடு நின்றது. பேராசிரியர் குனிந்து பெல்ட்டைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஃபைலைத் திறந்தார்.

"வர்ஷா, அப்ரூவ் ஆனது எலக்ட்ரிக் சுவிட்ச். இது வேற டிசைன். சுவிட்ச் எங்க?"

வர்ஷா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அது ஃபெயில் ஆயிடுத்து சார்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைச் சோதனை, ஃப்யூஸ், அப்பளக்காரர்களின் ஏச்சு, செம்புக் கம்பி, அன்சாரி பாயின் மேஜை. ஒன்றையும் விடவில்லை.

"இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா? கடைசி நேரத்துல வேற ஏதோ ரெடிமேடா வாங்கி மாட்டலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

என் பார்வை தரைக்குப் போனது. இழுத்து நிமிர்த்தினேன். "இந்தப் பொண்ணு செஞ்சது சார். நானும் கூட இருந்தேன். மொத மூடி இங்க ஓடல. இது ஓடுது" என்றேன். எனக்கு அது நீளமான பேச்சு.

அவர் பேச்சியம்மாளைக் கேட்டார். "நீங்கதான் சேஃப்டி சுவிட்சைக் கட்டிப் போட்டீங்களா?"

கையில் ஃபைலோடு வருகிறவரிடம் எங்கள் கல்லியில் யாரும் எதையும் ஒத்துக்கொள்வதில்லை. கார்ப்பரேஷனோ, கரண்ட் ஆபீஸோ, எதுவென்று யாருக்குத் தெரியும்? "எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி" என்று அக்கா சொல்லிவிட்டால், வர்ஷா சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஃபைலைப் பார்த்தாள். வர்ஷாவைப் பார்த்தாள்.

"ஆமா, நாந்தேன் கட்டுனேன். எழுதிக்கிடுங்க. இந்தப் பிள்ளை வச்சது எங்களுக்குத் தோதுப்படல, கட்டிப்போட்டேன். இப்ப வச்சிருக்கத கட்டல. பாருங்க, எங்கயாவது கம்பி இருக்கா?"

அவர் நிஜமாகவே மிஷினைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நாளைக்குக் கட்டிட மாட்டீங்களே?"

"தொந்தரவு பண்ணிச்சுன்னா கட்டத்தான் செய்வேன். ஒங்களுக்குப் பயந்துகிட்டு அவுத்து வைப்பேன்னு நினைச்சீரா? இது எனக்குத் தொந்தரவு பண்ணல. அதான் கட்டல."

பேராசிரியர் பேனாவை எடுத்து, அச்சடித்திருந்த வரியை அடித்துவிட்டு மேலே ஏதோ எழுதினார். வர்ஷா எட்டிப் பார்த்தாள். அவள் தோள் நிம்மதியாக இறங்கியதை நான் பார்த்தேன்.

"முதல் டிசைன் ஏன் தோத்ததுன்னு தனியா ஒரு சேப்டர் எழுதிக் கொடு" என்று அவளிடம் சொன்னார். "மார்க்கு அதுக்குத்தான். புனேக்காரங்ககிட்டயும் அதைக் காட்டு."

பிறகு என்னிடம் வந்து, அடுத்த வருடம் இன்னும் சில பிள்ளைகளை அனுப்பலாமா என்று ஆரம்பித்தார். வரட்டும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"பாத்தாச்சுல்லா?" என்றாள் பேச்சியம்மாள். "எல்லாரும் வெளியில நின்னு பேசுங்க. இந்தச் சாக்கு இன்னிக்குள்ள முடியணும்."

எங்களை ஒதுக்கிவிட்டு, அவள் மூடியை இறக்கினாள். பிளேடு சுற்ற ஆரம்பித்தது. நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. கல்லிக்கு வெளியே போய் இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன்.